அழிந்ததை மீண்டும் எழுதியவர்

நுழையும்முன்

நாம் ஒரு நூலைப் படிப்பதால் அதன் எழுத்துகள் அழிவதில்லை. படித்தவுடன் எழுத்து அழிந்துவிடும் ஏடு ஒன்று இருந்தால் அதனால் யாருக்கு என்ன பயன்? கணினித்துறையின் தொடக்கக் காலத்தில், காந்தத்தில் செய்தியைச் சேமிக்க முயன்ற அறிஞர்களைத் தயங்கி நிற்கச் செய்த வினா இதுவே. இவ்வினாவுக்கு எளிய விடை கண்டவர் ஆன் வாங். அவருடைய வாழ்வும், அவர் கருத்திலிருந்து கிளைத்த கணினி நினைவகப் பலகைகளின் வரலாறும் இப்பாடத்தில் விரிகின்றன. ஒன்றோடொன்று பொருந்துவதற்கும் இணங்குவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இளமைப் பருவம்

ஆன் வாங் 1920ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் சீன நாட்டின் ஷாங்காய் நகரில் பிறந்தார். தந்தையார் ஆங்கில ஆசிரியர். ஷாங்காய்க்கு அருகிலுள்ள குன்ஷான் என்னும் ஊரில் குடும்பம் வாழ்ந்தது. அவ்வூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்தே பாடங்கள் தொடங்கின. ஆகவே, ஆறு வயதில் பள்ளி சேர்ந்த ஆன் வாங், தம்மினும் மூத்த மாணவர்களோடு அமர்ந்து படித்தார். வகுப்பிலேயே இளையவராக இருந்ததால் தொடக்கத்தில் இடர்ப்பட்டாலும், கணக்கிலும் அறிவியலிலும் அவர் சிறந்து விளங்கினார். 16 வயதில் ஷாங்காயிலுள்ள சியாவ் துங் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்.

அவருடைய கல்லூரிக் காலம் போர்க்காலமாக அமைந்தது. 1937இல் ஜப்பானியப் படைகள் சீனாவுக்குள் புகுந்தன. 1940இல் பட்டம் பெற்ற ஆன் வாங், அடுத்த ஆண்டில் உள்நாட்டு நகரமான குய்லினுக்குச் சென்று, சீனப் படைகளுக்கு வேண்டிய வானொலிக் கருவிகளை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டார். வேண்டிய உதிரிப்பாகம் கடையில் கிடைக்காத காலம் அது. கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டே கருவியை இயங்கச் செய்ய வேண்டியிருந்தது. அப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணைநின்றது. ஆனால், அப்போர் அவரிடமிருந்து பறித்துக்கொண்டவை மிகுதி. பெற்றோரையும் தமக்கையையும் அவர் அக்காலத்தில் இழந்தார்.

ஹார்வர்டில்

1945ஆம் ஆண்டு சீனப் பொறியாளர்கள் சிலர் பயிற்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவராக ஆன் வாங் அந்நாட்டை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1946இல் முதுகலைப் பட்டமும் 1948இல் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் ஹார்வர்டின் கணிப்பு ஆய்வகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. அவ்வாய்வகத்தின் தலைவர் ஹோவர்டு ஐக்கன். 1944இல் செயல்படத் தொடங்கிய மார்க் 1 என்னும் மாபெரும் கணிப்பொறியை உருவாக்கத் திட்டமிட்டவர் அவரே. ஏறத்தாழ 51 அடி நீளம் கொண்ட அப்பொறியில் சக்கரங்களும் மின்காந்தத்தால் இயங்கும் சாவிகளும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

அசையும் உறுப்பு எதுவும் இல்லாமல் காந்தத்தில் செய்தியைப் பதிந்து, வேண்டும்போது படித்தெடுக்க வழி காண வேண்டும் என்பதே ஐக்கன் ஆன் வாங்கிடம் ஒப்படைத்த பணி. அசையும் உறுப்பு தேயும்; தேய்ந்தால் பழுதாகும்; பழுதாகாவிடினும் மின்னோட்டத்தின் விரைவுக்கு அதனால் ஈடுகொடுக்க இயலாது. எனவே, இப்பணி கணினித்துறையின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக் கூடியதாக இருந்தது.

வளையமும் வினாவும்

காந்தப் பொருளால் ஆன சிறு வளையம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதன் துளை வழியே செல்லும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் வளையம் காந்தமாகிறது. மின்னோட்டத்தின் திசைக்கேற்ப, காந்தப் புலம் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ அமையும். மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் அந்நிலை மாறுவதில்லை. ஒரு சுழியை 1 என்றும் மற்றதை 0 என்றும் கொண்டால், ஒரு வளையம் ஒரு பிட் செய்தியைத் தாங்கி நிற்கும்.

பதிவது எளிது, படிப்பதில்தான் சிக்கல் இருந்தது. வளையத்தில் இருப்பது 1ஆ, 0ஆ என்பதை அறிய, அதை 0 நிலைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். வளையம் நிலைமாறினால், அருகிலுள்ள மற்றொரு கம்பியில் சிறிய மின் துடிப்புத் தோன்றும். துடிப்புத் தோன்றினால் முன்பு இருந்தது 1. தோன்றாவிடில் முன்பு இருந்தது 0. விடை கிடைத்துவிட்டது. ஆனால், வளையம் இப்போது எப்படியும் 0 நிலையில் நிற்கிறது. படித்த செயலே பதிவை அழித்துவிட்டது.

பதிவை அழிக்காமல் படிக்கும் வழியைத் தேடி ஆன் வாங் பல நாள்கள் முயன்றார். ஒருநாள் ஹார்வர்டு வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, தாம் தேடுவது தேவையே இல்லாத ஒன்று என்பது அவருக்குப் புலப்பட்டது. படிக்கும்போது பதிவு அழிந்தால் அழியட்டும்; இருந்தது இன்னது என்பதுதான் தெரிந்துவிட்டதே! தெரிந்ததை அந்த நொடியிலேயே மீண்டும் எழுதிவிட்டால் போதும். காந்த நிலையை மாற்றுவதற்கு ஆகும் நேரம் மிகமிகக் குறைவாதலால், மீண்டும் எழுதுவதால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. சிக்கலைத் தீர்க்க முயன்று தோற்ற இடத்தில், அச்சிக்கலைத் தாண்டிச் செல்ல அவர் வழி கண்டார்.

இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குச் செய்தியைக் கடத்தும் அமைப்பை அவர் உருவாக்கினார். சக ஆய்வாளரான வே-துங் வூ இப்பணியில் அவரோடு இணைந்திருந்தார். 1949ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆன் வாங் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1955ஆம் ஆண்டு அது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 5 இலட்சம் டாலர் கொடுத்து அக்காப்புரிமையை விலைக்கு வாங்கியது.

வளையங்களின் வலை

ஆன் வாங்கின் அமைப்பில் செய்திகள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வரிசையின் நடுவிலுள்ள செய்தி வேண்டுமெனில், முன்னுள்ளவை கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். இக்குறையை நீக்கியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர். அவர் வளையங்களை வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். நிலைமாற்றத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தில் பாதியை நெடுக்குக் கம்பியிலும் மீதியைக் குறுக்குக் கம்பியிலும் செலுத்தினார். இரண்டும் சந்திக்கும் ஒரே ஒரு வளையம் மட்டும் நிலைமாறும். பாதி மின்னோட்டம் மட்டும் பெறும் ஏனைய வளையங்கள் அசையா. இவ்வாறு வேண்டிய பிட்டை வேண்டியபோது நேரடியாக அடைய முடிந்தது. 1953இல் அக்கழகத்தின் வேர்ல்விண்டு கணினியில் இந்நினைவகம் பொருத்தப்பட்டது. இதிலும் படித்தபின் மீண்டும் எழுதும் முறையே கையாளப்பட்டது.

இந்நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே அக்கழகத்தில் தனிக்கணினி ஒன்று உருவாக்கப்பட்டது. அதனை வடிவமைத்த இளம் பொறியாளர் கென்னத் ஓல்சன். 1957இல் அவர் தம் நண்பர் ஹார்லன் ஆண்டர்சனுடன் சேர்ந்து, மேனார்டு என்னும் ஊரிலிருந்த பழைய கம்பளி ஆலையில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1965இல் வெளியிட்ட பி.டி.பி-8 என்னும் கணினியே பெருமளவில் விற்பனையான முதல் குறுங்கணினி. பெருங்கணினிகள் இலட்சக்கணக்கான டாலர் விலையில் தனி அறைகளை நிறைத்து நின்ற அக்காலத்தில், இதன் விலை 18,000 டாலர். இதன் நினைவகத்தில் 4096 சொற்கள் அடங்கும்; ஒரு சொல்லுக்கு 12 பிட்டுகள். 64 வரிசையும் 64 நிரலும் கொண்ட 12 தளங்களில் மொத்தம் 49,152 வளையங்கள் இருந்தன. அக்கால வளைய நினைவகங்களில் கம்பி கோத்தது பெரும்பாலும் பெண் தொழிலாளர்களின் கைகள். நுண்ணோக்கியின் துணையோடு, பூ நாரில் பூத்தொடுப்பதைப் போன்ற பொறுமையுடன் அவர்கள் அவ்வேலையைச் செய்தனர்.

பொருந்துதலும் இணங்குதலும்

குறுங்கணினிகள் ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பரவியபோது, நினைவகம் போதவில்லை என்ற குரல் எங்கும் எழுந்தது. கணினியை மாற்றுவதற்குப் பெரும்பொருள் செலவாகும். நினைவகப் பலகை ஒன்றைக் கூடுதலாகச் செருகினால் செலவு குறையும். கணினியைச் செய்த நிறுவனத்தின் பலகையைவிட மலிவான பலகைகளை வேறு நிறுவனங்களும் விற்கத் தொடங்கின. 1970இல் இன்டெல் நிறுவனம் 1103 என்னும் சில்லை வெளியிட்டபின், வளையங்களுக்கு மாற்றாகக் குறைகடத்தி நினைவகங்களும் சந்தைக்கு வந்தன. ஒரே கணினிக்குள் பழைய வளையப் பலகையும் புதிய சில்லுப் பலகையும் அருகருகே பணியாற்ற வேண்டிய நிலை உருவாயிற்று.

இங்கேதான் இணக்கம் என்னும் சிக்கல் தோன்றியது. ஒரு பலகை செருகுகுழியில் பொருந்திவிட்டால் மட்டும் அது கணினியோடு இணங்கிவிட்டது என்று பொருளன்று. நான்கு கூறுகளில் ஒத்துப்போனால்தான் அது இணக்கமான பலகையாகும்.

முதலாவது, மின்னழுத்தம். வளையங்களை நிலைமாற்றுவதற்கு ஒருவகை மின்னழுத்தமும், சில்லுகளுக்கு வேறுவகை மின்னழுத்தமும் தேவை. ஒரே வடிவில் அமைந்த இரு குழிகளில், ஒரே இடத்திலுள்ள ஊசிக்கு வெவ்வேறு மின்னழுத்தம் வருவதுண்டு. பாராமல் செருகினால், இயக்கிய நொடியிலேயே பலகை பழுதாகலாம்.

இரண்டாவது, முகவரி. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்முதல் எந்த எண்வரை தன்னுடையது என்பதைப் பலகையிலுள்ள சிறு சாவிகளைக் கொண்டு குறிக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவெண் இருந்தால் அஞ்சல்காரர் குழம்புவார் அல்லவா? அதுபோல, இரண்டு பலகைகள் ஒரே முகவரிக்கு விடை கூறினால் இரண்டின் விடைகளும் கலந்து பயனற்றுப் போகும்.

மூன்றாவது, நேரம். வளையப் பலகை படித்தபின் மீண்டும் எழுத வேண்டும். அது முடியும்வரை அடுத்த வேண்டுகோளை ஏற்க அதனால் இயலாது. சில்லுப் பலகைக்கு வேறொரு கடமை உண்டு. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், நொடிக்குப் பலநூறு முறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். இருவகைப் பலகைகளின் வேகமும் ஒன்றன்று. 1970இல் வெளிவந்த பி.டி.பி-11 கணினியின் யூனிபஸ் என்னும் பாட்டை இதற்கு நல்ல தீர்வு கண்டது. அதில் செயலி ஒரு முகவரியை அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். பலகை தன் வேலையை முடித்ததும் முடிந்தது எனக் குறிப்புக் காட்டும். அதன் பின்னரே செயலி அடுத்த அடி எடுத்துவைக்கும். மெதுவான பலகை மெதுவாகவும் விரைவான பலகை விரைவாகவும் விடை தரலாம். ஒன்றன் வேகத்தை மற்றொன்றின்மேல் திணிக்காததால் பழையதும் புதியதும் ஒரே பாட்டையில் ஒருங்கே வாழ்ந்தன.

நான்காவது, எல்லை. யூனிபஸ் பாட்டையில் முகவரிக்கென 18 கம்பிகளே இருந்தன. அவற்றால் 2,62,144 பைட்டுகளை மட்டுமே சுட்ட முடியும். அதற்குமேல் எத்தனை பலகைகளைச் செருகினாலும் அந்தப் பாட்டை வழியே அவற்றை அழைக்க வழியில்லை.

யூனிபஸில் ஆன் வாங்கின் கருத்து பதிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. படித்த இடத்திலேயே உடனடியாகப் புதிய மதிப்பை எழுதப்போகிறோம் எனில், பழைய மதிப்பை மீண்டும் எழுதுவது வீண்வேலை. இப்போது திருப்பி எழுத வேண்டா என்று செயலி பலகைக்குச் சொல்லும் குறிப்பு ஒன்று அதில் வகுக்கப்பட்டிருந்தது. சில்லுப் பலகைக்கு அக்குறிப்புத் தேவையில்லை. ஆயினும் வளையப் பலகைக்காக அக்குறிப்பு நிலைத்திருந்தது. ஒரு கண்டுபிடிப்பு மறைந்த பின்னும் அதன் தடம் விதிமுறையில் நிற்பதை இங்கே காண்கிறோம்.

தெரிந்து தெளிவோம்

மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்த வளையத்தின் பதிவு அழிவதில்லை. மாலையில் நிறுத்திய வளைய நினைவகக் கணினியை மறுநாள் இயக்கினால் நிரல் அப்படியே இருக்கும். இன்றைய கணினிகளிலும் திறன்பேசிகளிலும் உள்ள இயங்குநிலை நினைவகத்தில் அவ்வாறில்லை. மின்சாரம் நின்றால் பதிவும் போய்விடும். ஆனால், ஓர் ஒற்றுமை உண்டு. இந்நினைவகத்திலும் ஒரு பிட்டைப் படிக்கும்போது அதன் மின்னூட்டம் குலைகிறது. படித்தவுடன் மீண்டும் எழுதும் நெறியே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

சொந்த நிறுவனம்

ஹார்வர்டு ஆய்வகத்தில் தொடர்ந்து பணிபுரிந்திருந்தால் ஆன் வாங் அமைதியான வாழ்வு வாழ்ந்திருக்கலாம். அவர் அதனை விரும்பவில்லை. 1949இல் லொரெய்ன் சியூ என்னும் சீனப் பெண்மணியை அவர் மணந்திருந்தார். 1951ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் சேமிப்பான 600 டாலரை முதலாகக் கொண்டு, பாஸ்டன் நகரில் வாங் ஆய்வகங்கள் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விளக்குச் சாதனங்கள் விற்கும் கடையின் மேல்மாடியில் ஒரு சிற்றறையே அலுவலகம். அவரே முதலாளி, அவரே தொழிலாளி. காந்த வளையங்களைச் செய்து விற்பதே தொடக்கக் காலத் தொழில்.

பின்னர் அவர் கணிப்பான்களில் கருத்தைச் செலுத்தினார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றவல்லது மடக்கை என்பதை நாம் கணக்குப் பாடத்தில் கற்றிருக்கிறோம். மடக்கையை மின்சுற்றால் உருவாக்க அவர் வழிகண்டார். அதனடிப்படையில் 1965இல் லோசி என்னும் மேசைக் கணிப்பானை வெளியிட்டார். நிறுவனம் விரைந்து வளர்ந்தது. கணிப்பான்கள் மலிந்து எங்கும் கிடைக்கும் காலம் வரும் என்பதை முன்னுணர்ந்த அவர், நல்ல விற்பனை இருந்தபோதே வேறு துறைக்கு மாறினார். குறுங்கணினிகளும் சொற்செயலிகளும் அவர் நிறுவனத்தின் புதிய அடையாளங்கள் ஆயின. 1976இல் வெளிவந்த திரையுடன் கூடிய சொற்செயலி, தட்டச்சுப் பொறிகளால் நிறைந்திருந்த அலுவலகங்களின் தோற்றத்தையே மாற்றியது. நெசவாலைகள் மூடப்பட்டு நலிந்திருந்த லோவல் நகருக்கு நிறுவனம் இடம்பெயர்ந்தபோது, அந்நகருக்குப் புத்துயிர் கிடைத்தது. 1980களில் நிறுவனத்தில் ஏறத்தாழ 30,000 பேர் பணியாற்றினர். அதன் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 300 கோடி டாலரை எட்டியது.

சரிவு

நினைவகப் பலகைகளின் வரலாறு கற்பித்த பாடத்தை ஆன் வாங்கின் நிறுவனம் உரிய நேரத்தில் கைக்கொள்ளவில்லை. 1977இல் அது வெளியிட்ட வி.எஸ். குறுங்கணினியின் கட்டளைத் தொகுதி ஐ.பி.எம். பெருங்கணினியின் கட்டளைத் தொகுதியை ஒத்திருந்தது. எனினும், அப்பெருங்கணினியின் இயக்க மென்பொருள் அதில் இயங்கவில்லை. 1981இல் ஐ.பி.எம். தனிநபர் கணினியை வெளியிட்டது. அதற்கேற்ற பலகைகளையும் மென்பொருள்களையும் எண்ணற்ற நிறுவனங்கள் உருவாக்கத் தொடங்கின. 1982இல் வாங் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியோ அவற்றோடு இணங்கவில்லை. இணங்கச் செய்வதற்கெனத் தனிப்பலகை ஒன்றைக் கூடுதலாகச் செருக வேண்டியிருந்தது. தரத்தில் தாழ்ந்ததன்று அக்கணினி. ஆனால், பிறர் பொருளோடு சேர்ந்து வாழும் கருவியையே மக்கள் நாடினர். சொற்செயலியின் வேலையை மலிவான தனிநபர் கணினிகளே செய்யத் தொடங்கியபோது, வாங் நிறுவனத்தின் சந்தை சுருங்கியது.

1986இல் ஆன் வாங் தம் மூத்த மகனை நிறுவனத் தலைவர் ஆக்கினார். நிறுவனத்தின் இழப்பு பெருகியதால், 1989இல் அம்மகனைப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டிய துன்பநிலை அவருக்கு நேர்ந்தது. அப்போது அவர் புற்றுநோயால் துன்புற்றிருந்தார். தந்தையின் பாசமும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வாழ்வும் எதிரெதிரே நின்றபோது, அவர் பின்னதன் பக்கம் நின்றார்.

கொடையும் மறைவும்

தமக்கு வாழ்வளித்த ஊருக்குத் திருப்பித் தருவதைத் தம் கடமையாக ஆன் வாங் கருதினார். பழுதடைந்திருந்த பாஸ்டன் நகரின் பழைய நாடக அரங்கைப் புதுப்பிக்கப் பெருந்தொகை வழங்கினார். மென்பொருள் பொறியியலில் மேற்படிப்புக்கென 1979இல் கல்வி நிறுவனம் ஒன்றை நிறுவினார். பாஸ்டனின் மருத்துவமனைக்கும் பொருளுதவி செய்தார். 1986இல் அமெரிக்க அரசின் சார்பில், குடியேறியோருள் சிறந்தோர்க்கு வழங்கப்பட்ட விடுதலைப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1988இல் அந்நாட்டுக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 1990ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், தம் 70ஆம் வயதில் ஆன் வாங் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின், 1992இல் அவருடைய நிறுவனம் கடன்சுமை தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

நிறுவனம் நலிந்தாலும் அவர் கண்ட நெறி நலியவில்லை. நாட்டையும் பெற்றோரையும் போரில் இழந்த இளைஞர் ஒருவர், அயல்நாட்டில் தம் வாழ்வை மீண்டும் எழுதிக்கொண்டார். படிக்கும்போது அழிவதைப் படித்தவுடன் மீண்டும் எழுதலாம் என்று கணினிக்கும் கற்பித்தார். இழப்பு நேரும் என்று அஞ்சிச் செயலைக் கைவிடாமல், இழந்ததை ஈடுசெய்யும் வழியைச் செயலுக்குள்ளேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாழ்வின் வெற்றி கூறும் பாடம். தனித்துச் சிறப்பது போதாது, பிறவற்றோடு இணங்கவும் வேண்டும் என்பது அவருடைய நிறுவனத்தின் சரிவு கூறும் பாடம். இளந்தலைமுறையினர் இவ்விரண்டையும் நெஞ்சில் நிறுத்துதல் நன்று.

கற்பவை கற்றபின்

1. காந்த வளையத்தில் ஒரு பிட்டைப் படித்து மீண்டும் எழுதும் முறையைப் படம் வரைந்து வகுப்பில் விளக்குக.

2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மின்கருவிகளுள் ஒன்றோடொன்று இணங்குபவை, பொருந்தினாலும் இணங்காதவை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் காரணம் கூறுக.

3. தனித்தன்மையும் இணக்கமும் என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.